பதினொரு கைநாட்டும் ஒரு தராசும்

எதைக் கொடுத்தாலும் கெங்கம்மாள் உடனே வாங்கி மடியில் வைத்துக்கொள்ள மாட்டாள். உள்ளங்கையில் ஏந்தி ஒரு தரம் ஏற்றி இறக்குவாள். பிறகு எடையைச் சொல்வாள். பலாப்பழமானாலும் சரி, பிறந்து பத்து நாளான பிள்ளையானாலும் சரி. "ரெண்டே முக்கா கிலோ. ஆத்தாளுக்குக் கஞ்சிய இன்னும் கொஞ்சம் கெட்டியா ஊத்துங்க" என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பாள். மாதாமாதம் வரும் மணியார்டர் பணத்தையும் அப்படித்தான் வாங்கினாள். அதற்கு மட்டும் எடை சொல்வதில்லை. "காத்து" என்பாள்.

பன்னிரண்டு வருடம் இதைப் பார்த்தவன் தங்கவேல். அத்திக்கொல்லைக் கிளை அஞ்சலகத்தில் தபால் சுமப்பது, முத்திரை குத்துவது, கடிதம் படித்துக் காட்டுவது, பதில் எழுதித் தருவது எல்லாம் அவன்தான். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஊருக்கு மூன்று மணி நேர ஏற்றம். தோளிலிருந்து பையை இறக்கிக் கெங்கம்மாளின் பக்கத்தில் வைத்ததும், அவள் அதன் வாரைப் பிடித்து ஒரு விரல் உயரம் தூக்குவாள். மறுபடி கீழே வைப்பாள். ஊரில் இருந்த அத்தனைக்கும் எடை சொன்னவள் அந்தப் பைக்கு மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவள் கால்கள் இரண்டையும் கொண்டுபோய்விட்டிருந்தது. லாரி டயரில் அறுத்த இரண்டு துண்டுகளை உள்ளங்கையில் கட்டிக்கொண்டு, கையை ஊன்றி ஊன்றி நகர்வாள். ஜவ்வாது மலையில் எல்லா வேலையும் கால் வேலை. சாமை விதைக்கவும், அறுக்கவும், தேன் எடுக்கவும், கடுக்காய் பொறுக்கவும் கால் வேண்டும். உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: புளி தட்டிக் கொட்டை எடுப்பது. அதை முப்பது வருடம் செய்தாள். கூலியாகக் கொட்டையைத் தருவார்கள். தின்ன முடிந்தால் தின்னலாம்.

அந்த முப்பது வருடத்தில்தான் கை தராசாக மாறியது. தட்டிய புளியைச் சடையன் வந்து நிறுப்பான். ஊரில் தராசு வைத்திருந்தவன் அவன் ஒருவனே. தராசு என்றால் ஒரு மூங்கில், இரண்டு கூடை, துணியில் சுற்றிய நாலைந்து கல். இது இரண்டு கிலோ, இது ஐந்து கிலோ என்று சடையன் சொன்னால் அது அத்தனை கிலோ. கெங்கம்மாள் ஒரு தடவை ஐந்து கிலோக் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, உன் கல்லு நல்லா சாப்புடுது போலக் கீது. அஞ்சே முக்கா இருக்கும்."

"நீ புளி தட்டறவ. தட்டற வேலையப் பாரு" என்றான் சடையன்.

ஊராரிடம் வாங்க ஒரு கல், வியாபாரிக்கு நிறுத்துக் கொடுக்க வேறு கல். கல் தின்ற முக்கால் கிலோ விற்றவனுக்கும் போகவில்லை, வாங்கியவனுக்கும் போகவில்லை. அது சடையன் வீட்டுக்குப் போயிற்று. வாணியம்பாடியிலிருந்து லாரியோடு வந்து புளி வாங்கும் அப்துல் கய்யூம் பாய்க்கு இது தெரியும். ஒவ்வொரு சீசனிலும் மூட்டைக்கு மூட்டை சண்டை. எழுபத்தாறாம் வருடச் சண்டையின்போது பாய் தலைக்குல்லாவைக் கழற்றி விசிறிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்.

"முத்திரை போட்ட தராசு ஒண்ணு இந்த ஊர்ல யாராவது வெச்சிருந்தா, மூட்டைக்கு நாலணா நானே குடுத்துட்டுப் போவேன். எனக்குத் தொண்டைத் தண்ணியாவது மிச்சம்."

புளிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கெங்கம்மாள் கேட்டாள், "யாரு வெச்சிருந்தாலுமா, பாய்?"

"முத்திரை இருந்தாப் போதும்மா. புடிக்கிறது ஆம்பளையா பொம்பளையா, நின்னுக்கிட்டா குந்திக்கிட்டா, எனக்கு இன்னா?"

மலையில் உட்கார்ந்து செய்கிற இரண்டாவது வேலை அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

தங்கவேல் மனு எழுதினான். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன், அவன் குடும்பத்தில் அத்தனை தூரம் யாரும் படித்ததில்லை, காகிதத்தின்மேல் அவனுக்கு நம்பிக்கை உண்டு. ஊனமுற்றோர் சொந்தமாகத் தொழில் செய்ய அரசாங்கம் உபகரணம் தருகிறது என்று படித்திருந்தான். முத்திரையிட்ட தராசும் படிக்கற்களும் வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதினான். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. உபகரணப் பட்டியலில் தராசு இல்லை; எனினும் மனுதாரரின் நிலையைக் கனிவுடன் பரிசீலித்து மூன்று சக்கர வண்டி ஒன்று அனுமதிக்கப்படுகிறது; செங்கத்துக்கு வந்து ஓட்டிச் செல்லலாம்.

அவன் அதைப் படித்து முடித்ததும் கெங்கம்மாள் எதிரே கிடந்த பாதையைப் பார்த்தாள். ஆடு இறங்கும்போதே இரண்டு தரம் யோசிக்கும் பாதை.

"நான் ரெண்டு தட்டு கேட்டேன். அவங்க மூணு சக்கரம் குடுக்கறாங்க. ஒண்ணு கூடத்தானே, தம்பி?"

வண்டியை வாங்க அவள் போகவில்லை. ஆனால் அதற்கு முன்பே, இன்னொரு மனுவுக்குப் பலனாக, ஆதரவற்ற ஊனமுற்றோருக்கான உதவித்தொகை வரத் தொடங்கியிருந்தது. மாதம் இருபத்தைந்து ரூபாய். பதினைந்தைத் தான் தங்கியிருந்த, கூடப்பிறந்த தம்பி வீட்டில் சோற்றுக்குக் கொடுத்தாள். மீதிப் பத்தை எழுபத்தேழு பிப்ரவரியிலிருந்து தங்கவேலிடமே திருப்பிக் கொடுத்தாள். ஐந்து வருடச் சேமிப்புத் திட்டம், அறுபது தவணை. முடிவில் எழுநூற்றுச் சொச்சம் வரும். செங்கத்தில் ஒரு தராசும், இருபது கிலோவிலிருந்து கால் கிலோ வரை படிக்கற்களும் அந்த விலைதான்.

எண்பத்திரண்டு மாசியில் தவணை முடியும். புளி உலுக்குவதும் மாசியில். இதைத் தவிர அவளுக்கு வேறு கணக்கு எதுவும் இருக்கவில்லை.

தங்கவேலுக்குத்தான் உள்ளுக்குள் உறுத்தியது. ஒரு கையால் அவளிடம் இருபத்தைந்து ரூபாய் கொடுத்து, ஆதரவற்றவர் என்ற படிவத்தில் கைநாட்டு வாங்குகிறான். மறு கையால் பத்து ரூபாய் வாங்கி, சேமிப்பாளர் என்ற புத்தகத்தில் வரவு எழுதுகிறான். அரசாங்கம் அவள் பிழைக்க வேண்டும் என்றுதான் பணம் தருகிறது. பிழைக்க ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்தால் பணத்தை நிறுத்திவிடும். இதை அவன் அவளிடம் விளக்கப் பார்த்தான்.

"அக்கா, நீ சேக்கறது வெளிய தெரியக்கூடாது. கையில காசு இருந்தா நீ ஆதரவத்தவ இல்லன்னுடுவாங்க."

"கையில காசு இல்லாத வரைக்கும்தான் கையில காசு குடுப்பாங்களா?"

"ஆமாம்."

"அப்ப சாவற வரைக்கும் அவங்க மணியார்டர் அனுப்பணும், நீ சுமக்கணும். அதுதான் அவங்களுக்கு வேணுமா?"

தங்கவேல் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டான். பையைப் பற்றி அவனுக்கும் ஒரு குறை இருந்தது. விதைப் பொட்டலம், பள்ளிக்கூடப் புத்தகம், வன இலாகா நோட்டீஸ் என்று நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போயிற்று. சுமை பத்துக் கிலோவைத் தாண்டினால் கூலியாள் வைத்துக்கொள்ள இலாகா தரும் படியைக் கேட்டு எழுதினான். பத்துக் கிலோவைத் தாண்டுகிறது என்று முத்திரையிட்ட தராசில் நிறுத்துச் சான்று அனுப்புமாறு பதில் வந்தது. மலையில் முத்திரையிட்ட தராசு ஏது?

அவள் சிரித்தாள். "வருது, தம்பி. என் தராசுல மொத எடை உன் பைதான். லாபம்னு சொல்லி உன்னுதத்தான் போடுவேன்."

அந்தப் பக்கத்தில் யாரும் எண்ணத் தொடங்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டார்கள். முதல் எடைக்கு லாபம் என்று பெயர். அதற்கப்புறம்தான் ரெண்டு, மூணு. அந்த லாபத்தைத் தனக்கென்று ஒருத்தி எடுத்து வைத்ததில் தங்கவேலுக்கு ஒரு பெருமை.

எண்பத்தொன்று தை மாதம், நாற்பத்தொன்பதாவது தவணை கட்டுவதற்குச் சில நாள் முன்பு, உதவித்தொகை சரிபார்ப்புக்காக வருவாய் ஆய்வாளர் கோபால்சாமி மலையேறி வந்தார். நல்ல மனிதர். கெட்ட செருப்பு. வந்து சேர்ந்தபோது இரண்டு குதிகாலிலும் கொப்புளம். ஊரார் மோர் கொடுத்தார்கள், காலுக்கு வெந்நீர் வைத்தார்கள், கோழி அடிப்பதாகச் சொன்னார்கள்.

என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தங்கவேல் கெங்கம்மாளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். 'யாரும் இல்ல, எதுவும் இல்ல, சாமி.' ஐந்து வார்த்தை. பள்ளிக்கூட வாசலில் பெஞ்சு போட்டு ஊரே கூடியிருந்தது. ஆனால் ஆய்வாளர் அவளிடம் கேட்கவில்லை. விதிப்படி ஊராரிடம் கேட்டார்.

"இந்தம்மாவுக்கு ஆதரவுன்னு யாராவது இருக்காங்களா, இல்ல நாதியத்தவங்கதானா? ஊர்ல எல்லாரும் சொல்லுங்க."

தங்கவேல் சட்டென்று ஊராரைத் திரும்பிப் பார்த்தான். ஊருக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அத்திக்கொல்லையில் நாதியற்றவர் என்ற சொல்லைச் சண்டையில்கூட யாரும் சொல்லமாட்டார்கள். ஒருவர் நாதியில்லாமல் கிடந்தால் அது அவர் குற்றமல்ல, ஊருக்கு இழுக்கு. அப்படி ஒரு ஊருக்கு அடுத்த ஊர் பெண் கொடுக்காது. ஊர்க் கவுண்டர் மாதையன் எழுந்து தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னா சாமி இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க ஊர்ல நாதியத்தவ ஒருத்தி கீறான்னு எழுதிக்கிட்டுப் போனா, நாளைக்கு நாங்க சந்தைக்கு எந்த மூஞ்சிய எடுத்துக்கிட்டுப் போறது? அது எங்க வூட்டுப் பொண்ணு. நாங்க இல்ல?"

"நான் கீறேன்!" என்று ஒருவன் எழுந்தான்.

"நாங்க பட்டினி போட்டுடுவமா?" என்றாள் இன்னொருத்தி.

எல்லாருடைய குரலுக்கும் மேலே கேட்டது சடையன் குரல். "எனக்குக் கூடப்பொறந்த தங்கச்சி மாதிரி, சாமி! எழுதிக்கோங்க, சடையன் ஆதரவுன்னு!"

"அப்ப கையெழுத்துப் போடுவீங்களா?"

"கொண்டாங்க மசிய!"

ஆய்வாளருக்கு மனம் இளகிவிட்டது. இப்படியொரு ஊரைத் தான் பார்த்ததில்லை என்று சொன்னார். பதினோரு பேர் வரிசையில் நின்று கட்டை விரலைப் பதித்தார்கள். விரலைத் துடைத்துக்கொண்டே மாதையன் கடைசியாக ஒரு கல்லும் தூக்கிப் போட்டார்.

"அதுவும் இல்லாம அவ யாரு கையையும் எதிர்பாக்கறவ இல்ல சாமி. போஸ்டாபீசுல மாசாமாசம் பத்து ரூபா போடறா! இந்த ஊர்ல வேற யாரு போடறான், கேளுங்க!"

ஆய்வாளர் பேனாவை எடுத்தவர், நிமிர்ந்து தங்கவேலைப் பார்த்தார். தங்கவேல் தன் பையைப் பார்த்தான்.

"வண்டி ஒண்ணு வேற வாங்கியிருக்கறதா பதிவு இருக்கே" என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

கெங்கம்மாள் கடைசி வரை அந்த ஐந்து வார்த்தையைச் சொல்லவே இல்லை. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் மணியார்டர் வரவில்லை. ஆணை வந்தது. பதினோரு ஆதரவாளர்களும், சேமிப்பும், வாகனமும் உடையவராகையால் உதவித்தொகை ரத்து. கூடவே இன்னொரு தாள்: இதுவரை தகுதியின்றிப் பெற்ற ஆயிரத்து நானூறு ரூபாயைத் திருப்பிச் செலுத்த வேண்டும்.

தங்கவேல் படித்துவிட்டு அங்கேயே குந்திவிட்டான். இன்னும் பதினோரு தவணை பாக்கி. அவள் தாள்களை வாங்கி உள்ளங்கையில் ஏற்றி இறக்கினாள். காற்று என்று சொல்லவில்லை.

"இதுல அந்தப் பதினோரு பேரு பேரும் எழுதியிருக்கா, தம்பி?"

"வரிசையா எழுதிக் கீது. ஆதரவாளர்கள்னு தலைப்புப் போட்டு."

"சர்க்கார் முத்திரை?"

"அதுவும் கீது."

"அப்ப இது பத்திரம்" என்றாள். டயர்த் துண்டைக் கையில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். முதல் வீடு மாதையன் வீடு.

"கவுண்டரே, நான் உங்க வூட்டுப் பொண்ணுன்னு சர்க்காரே ஒத்துக்கிச்சி. தம்பி, படி."

தங்கவேல் படித்தான். மாதையனுக்கு முகம் மலர்ந்தது. "பின்ன? நான் சும்மாவா சொன்னேன்?"

"சும்மா சொல்லல. அதான் வந்தேன். பதினோரு பேரு கீறீங்க. பதினோரு மாசம் கீது. ஆளுக்கு ஒரு மாச ஆதரவு. பத்து ரூபா."

மாதையன் காகிதத்தைக் கையில் வாங்கினார். தன் விரல் ரேகையைத் தானே அடையாளம் கண்டுகொள்ளப் பார்ப்பவர் மாதிரி உற்றுப் பார்த்தார்.

"பணமாவா?"

"நீங்க எதுவா குடுத்தாலும் நான் நிறுத்து எடுத்துக்கறேன்."

இல்லை என்று சொன்னால், ஆய்வாளரிடம் சொன்னது பொய் என்று ஆகும். ஆமாம் என்றால் பத்து ரூபாய். மாதையன் ஆறு படி சாமையும் ஒரு பாட்டில் தேனும் கொடுத்தார். சந்தையில் அது பத்து ரூபாய் நாற்பது காசுக்குப் போயிற்று. நாற்பது காசைக் கெங்கம்மாள் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். அது அவரை இன்னும் கொஞ்சம் வருத்தியது.

இப்படியே வீடு வீடாக. ஒருவன் கடுக்காய் கொடுத்தான். ஒருத்தி முட்டைக் கோழி கொடுத்துவிட்டு மூன்று நாள் அழுதாள். ஒருவன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்கு ஓடிவிட்டான். கெங்கம்மாளுக்குப் பயந்துதான் போனான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்த மாதத் தவணையைக் கொட்டை விற்றுத் தானே கட்டினாள். சோற்றுக்குக் கொடுத்த பதினைந்து ரூபாய் நின்றதால் நாலு மாதம் தம்பி வீட்டில் முணுமுணுத்தார்கள். அதையும் நிறுத்துப் பார்த்துவிட்டு அரை வயிறு போதும் என்று சொல்லிவிட்டாள்.

பதினோராவது பெயர் சடையன். அவன் வீட்டு வாசலுக்கு அவள் போனபோது மார்கழிப் பனி.

"அண்ணே, கூடப்பொறந்த தங்கச்சி வந்திருக்கேன்."

"நீ எதுக்குச் சேக்கறன்னு எனக்குத் தெரியாதா? என் கல்லுக்குக் குழி தோண்ட என்கிட்டயே கடப்பாரை கேக்கறியா?"

"தெரிஞ்சேதானே கைநாட்டு வெச்ச?"

"ஊரே வெச்சுது, நானும் வெச்சேன்!"

"எல்லாருக்கும் மேல கத்தினது யாரு?"

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கொடுத்துவிட்ட ஒன்பது பேரும் அதில் இருந்தார்கள். ஓடிப்போனவனுக்குப் பதில் அவன் மனைவி நின்றாள். தாங்கள் இழந்ததைப் பதினோராமவனும் இழக்க வேண்டும் என்பதில் ஊர் ஒற்றுமையாக இருந்தது. சடையன் உள்ளே போய்ப் புளி கொண்டுவந்தான். தன் கல்லை வைத்தே நிறுத்தான். ஐந்து கிலோ என்றான்.

அவள் கையில் வாங்கிப் பார்த்தாள். "அஞ்சே முக்கா. நன்றி, அண்ணே."

அவனுடைய கல் அவனையே தின்றது அன்று ஒரு நாள்தான்.

மாசியில் தராசு வந்தது. கய்யூம் பாயின் லாரியில் பஸ் நிற்கும் இடம் வரை வந்து, அங்கிருந்து நாலு பேர் தலைச்சுமையாக ஏற்றினார்கள். தட்டு பித்தளை, இரும்புப் படிக்கற்களின் அடியில் ஈயத்தில் குத்திய முத்திரை. விடிந்தபோது கெங்கம்மாள் வாசலில் முப்பது மூட்டை காத்திருந்தது. தங்கவேலும் பையோடு வந்திருந்தான். மாதையன் தன் மூட்டையைத் தூக்கித் தட்டில் வைத்துவிட்டார். அவள் தங்கவேலைப் பார்த்தாள். வாரைப் பிடித்துப் பையை ஒரு விரல் உயரம் தூக்கினாள், வைத்தாள்.

"தம்பி, கூட்டமாக் கீது. இன்னொரு நாளு போட்டுக் குடுக்கறேன். இன்னா?"

"அதுக்கென்ன, அக்கா."

"லாபம்!" என்று குரல் கொடுத்தாள். மாதையன் மூட்டை ஏறியது.

அந்தத் தராசு ஏழு சீசன் பேசியது. ஊருக்கு அதில் முழுத் திருப்தி இருந்தது என்று சொல்ல முடியாது. மூட்டைக்கு அடியில் ஈரப்புளி வைத்தவனை அவள் தூக்கிப் பார்த்த உடனே திருப்பி அனுப்பினாள். கல் கலந்தவனை எல்லார் முன்னாலும் கொட்டச் சொன்னாள். "சடையன் கல்லே தேவலாம். அது நம்பள ஏமாத்துச்சு, அவ்ளோதான். இது நம்பள ஏமாத்தவே வுடமாட்டேங்குது" என்றார் மாதையன். சடையன் மூட்டை தைக்கும் வேலைக்கு அவளிடமே வந்து சேர்ந்தான். கூலியை அவள் காசாகக் கொடுத்தாள்.

தங்கவேல் ஒவ்வொரு சீசனிலும் ஒரு தடவை ஞாபகப்படுத்தினான். "சீசன் முடியட்டும், தம்பி" என்பாள். சீசன் முடிந்தபின் தராசைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். "இறக்க ஆள் இல்லியே, தம்பி." ஆனால் பையைத் தூக்கிப் பார்ப்பதை அவள் நிறுத்தவில்லை. ஆயிரத்து நானூறு ரூபாய் கேட்டு வருடா வருடம் வரும் நோட்டீஸையும் அந்தப் பையிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தான். அவள் கைநாட்டு வைத்து வாங்கி, புளிக்கு அடியில் விரித்துக்கொள்வாள்.

எண்பத்தெட்டு ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலில் கெங்கம்மாள் நான்காம் நாள் போய்விட்டாள். அடுத்த தையில் அவள் பெயருக்கு மறுபடி நோட்டீஸ் வந்தது. தங்கவேல் அதன் மேல் 'பெறுபவர் காலமானார்' என்று எழுதித் திருப்பி அனுப்பினான். அந்தக் கடன் அத்தோடு தீர்ந்தது. சர்க்காருக்குத் தீர்ந்ததோ இல்லையோ, அவனுக்குத் தீர்ந்தது.

மாசியில் அவள் தம்பி மகள் செந்தாமரை தராசைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். மூட்டை எதுவும் இன்னும் வரவில்லை. தங்கவேல் பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தான்.

"அண்ணே, அத்தை உங்களுக்கு ஒரு எடை பாக்கின்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சே. வைங்க, போட்டுடறேன். தராசு சும்மாத்தான் கீது."

தங்கவேல் குனிந்து வாரைப் பிடித்தான். பன்னிரண்டு வருடம் அவள் கை பட்ட இடத்தில் வார் கறுத்து வழுவழுவென்று இருந்தது. எல்லாவற்றுக்கும் எடை சொன்னவளுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? பத்துக் கிலோவுக்கு மேல் இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாளே. குறைவாக இருந்ததால்தான் சொல்லாமல் விட்டாளா? ஒன்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு அவன் இத்தனை வருடம் புலம்பியதை ஊரறியச் சொல்ல மனமில்லாமல் போயிற்றா? இல்லை, உண்மையாகவே கூட்டமாகத்தான் இருந்ததா?

"வேணாம்மா" என்றான். "அது உங்க அத்தை பாக்கி. அவங்களே குடுக்கட்டும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். அன்றைக்கு விதைப் பொட்டலம் அதிகம். அடுத்த ஊருக்கு ஏறத் தொடங்கியபோது, அது பத்துக் கிலோவுக்குக் குறையாது என்று அவனுக்கு நிச்சயமாகத் தோன்றியது.